மகளிர் மருத்துவமனையில் என் பெயருக்கு ஒரு டோக்கன்

நாற்பது வகை வெள்ளைகளை ஒரே பார்வையில் பிரித்தறியும் கண் படைத்தவளும், பெயின்ட் கம்பெனி ஆய்வறையின் முடிசூடா அரசியும், என் அக்காள் பெற்ற ஒரே செல்வமுமாகிய குட்டிப் புயலுக்கு,

பதினாறு மாடிக் கட்டடங்களை ஒற்றை ஸ்பேனரால் ஏற்றி இறக்கும் உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். நீ நலமில்லை என்று தெரியும். ஆகவே அந்தக் கேள்வியைச் சம்பிரதாயத்துக்காகக் கேட்கப் போவதில்லை.

உன் கட்டளை வந்து சேர்ந்தது. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து கடிதமாக எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் நான் உளறிவிடுவேன். அதனால் பதிலும் கடிதமாகவே வருகிறது.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள். ஸ்கேனில் உன் இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மாதவிலக்கு மாதக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. முகத்தில் பரு, தாடையில் முடி, தலையில் முடி உதிர்வு என்று எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இல்லாமல் இடம் மாறிக் குடியேறுகிறது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரை அட்டையைப் பார்த்த உன் அறைத்தோழி, 'இது கருத்தடை மாத்திரைடி, உனக்கு எதுக்கு?' என்று சிரித்திருக்கிறாள். நீ அன்றே அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாய். அப்புறம் போனில் தேடித் தேடிப் படித்து, இனி உனக்குப் பிள்ளையே பிறக்காது என்று தீர்ப்பும் எழுதிக்கொண்டாய். ஆகவே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரோடு பேசி முடித்திருக்கும் கல்யாணத்தை ஏதாவது பொய் சொல்லி நான் நிறுத்த வேண்டும். காரணம் உன் அம்மாவுக்கும் தெரியக் கூடாது, அவருக்கும் தெரியக் கூடாது. 'குழந்தை இல்லாத வீட்ல என்ன மாமா இருக்கு? அவர் வாழ்க்கையை நான் வீணாக்க மாட்டேன். இந்த வேலைக்கு உங்களை விட்டா எனக்கு ஆளில்ல.' சரிதானே?

பொய் சொல்வதில் எனக்கு இருக்கும் உலகப்புகழை மதித்து இந்தப் பொறுப்பைத் தந்ததற்கு முதலில் நன்றி. சின்ன வயதில், நிலாவுக்குப் போகும் லிஃப்ட்டுக்கு நான்தான் கிரீஸ் தடவுகிறேன் என்று சொன்னதை இரண்டு வருடம் நம்பியவள் நீ. அந்த விசுவாசம் வீண்போகவில்லை.

இடையில் உன் அம்மாவைப் பற்றி ஒரு செய்தி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான என் அக்கா சிரித்ததற்கு இதுவரை வரலாற்றில் ஆதாரம் கிடையாது. உன் கல்யாணம் பேசி முடித்ததிலிருந்து சிரிக்கிறாள். காலையில் வாசலில் நின்று சிரிக்கிறாள். பேப்பர் போடுகிறவன் சைக்கிளை எதிர்ச்சாரிக்குத் திருப்பிக்கொண்டு போகிறான். உனக்குப் போன் போட்டால் மட்டும், 'வாயைக் கட்டு, காலையில எந்திரிச்சு நட, கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கே?' என்று பழைய டீச்சராகிவிடுகிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தைகளைச் சொன்ன வாயை அவளே நாலு நாள் பட்டினி போட்டிருப்பாள். அதனால் அவள்மேல் கோபம் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பொய்யைக் கட்ட வேண்டுமானால் அஸ்திவாரத்துக்கு உண்மை வேண்டும். எனவே உன் உடம்பில் நடப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளத் தீர்மானித்தேன். நான் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட்டுகளில் இரண்டு, மகளிர் மருத்துவமனையில் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். கிரீஸ் படாத சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்வாசலை விட்டு முன்வாசல் வழியாக நுழைந்தேன்.

டோக்கன் கொடுக்கிற பெண், 'யாருக்கு மாமா?' என்று கேட்டாள். இங்கேதான் என் மூளை உலகத்தரத்தில் வேலை செய்தது. உன் பெயரைச் சொன்னால் ரகசியம் போச்சு. அத்தை பெயரைச் சொன்னால் நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி அவளுக்குப் போய்விடும். யோசித்தேன். என் பெயரையே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வேறு யாரோடோ போனில் பேசிக்கொண்டே அதைத் தட்டிப் பதிந்துவிட்டாள்.

சுவரெல்லாம் குழந்தைப் படங்கள் ஒட்டிய கூடத்தில், ஊரிலுள்ள அத்தனை பெண்களுக்கும் நடுவே, மடியில் கைகளை வைத்துக்கொண்டு புதுமணப்பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தேன். நிறைமாதமாக இருந்த ஒரு பெண் எனக்காக எழுந்து, காற்றாடிக்குக் கீழே இருந்த நாற்காலியைக் கொடுத்தாள். என் தொப்பையைப் பார்த்து என்ன நினைத்தாளோ தெரியவில்லை. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் குனிந்து எழுதியபடியே எடை மெஷினைக் காட்டினாள். ஏறினேன். எழுதினாள். அப்படியே தலை நிமிராமல், 'கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?' என்றாள்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். 'இன்னும் வரலைம்மா' என்றேன்.

'எத்தனை மாசமா?'

'பொறந்ததுலேர்ந்து.'

அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்த பேனா உருண்டு போன தூரத்தை அளந்தால் இரண்டு பேருந்து நிறுத்தம் இருக்கும். கூடத்தில் எழுந்த சிரிப்பில் மூன்றாவது மாடியில் இரண்டு பிரசவம் சீக்கிரமாக ஆகிவிட்டது என்று கேள்வி. உனக்காக உன் மாமன் சந்தித்த அவமானம் இது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று எழுத வந்தேன். இந்தக் கடிதத்தில் அந்த வார்த்தை வேண்டாம். ஊருக்கெல்லாம் சொல்லலாம்.

டாக்டர் என்னைவிட ஒரு சாண் உயரமான அம்மையார். ஒருமுறை என் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு, கதவிடுக்கு வழியாகவே என் வம்சத்தை விசாரித்தவர். என்னைக் கண்டதும், 'திரும்பவும் நின்னுடுச்சா?' என்றார். 'லிஃப்ட் ஓடுது டாக்டர். எங்க வீட்டுப் பொண்ணுதான் நின்னுட்டா' என்றேன். எதிரில் இல்லாத ஆளைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று உறுதியாகச் சொன்னார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், பொதுவாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மருந்துச்சீட்டின் முதுகில் ஒரு படம் போட்டார். படம் எனக்குப் புரியவில்லை. அவர் பேசியது புரிந்தது, புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

இதற்கு பிசிஓஎஸ் என்று பெயர். பத்துப் பெண்களில் ஒருத்திக்காவது இருக்குமாம். நீர்க்கட்டி என்று பெயர் வைத்தவரை டாக்டருக்குப் பிடிக்கவே இல்லை. 'அது கட்டியே இல்லைங்க. வெட்டி எடுக்கற சமாச்சாரமும் இல்ல' என்றார். மாதாமாதம் சினைப்பையில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்குமாம். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு முழுதாக வளர்ந்து முட்டையை வெளியே விட வேண்டும். ஹார்மோன்களின் தாளம் தப்பினால் எதுவும் முழுதாக வளராமல் குட்டிக்குட்டியாக அப்படியே நின்றுவிடும். ஸ்கேனில் முத்துமாலை போலத் தெரிவது அவைதான். ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் ஹார்மோன் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டாம். அது அளவு மீறும்போது தாடையில் முடி, முகத்தில் பரு. பலருக்கு இன்சுலினும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால்தான் எடை ஏறுகிறது, கழுத்தில் கருமை படிகிறது.

நான் உடனே என் அறிவைக் காட்டினேன். எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தியதால் லிஃப்ட் குழம்பி இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, அப்படித்தானே என்றேன். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'பாதி சரி' என்றார். மீதிப் பாதியைப் பிடித்துவிடும் ஆவேசத்தில், 'அப்ப எந்தப் பார்ட்டை மாத்தணும்?' என்று கேட்டேன். 'அங்கதான் தப்பு. எதையும் மாத்த வேண்டாம். எதுவும் உடையல. ஒழுங்குக்குக் கொண்டுவரணும், அதை விடாமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான். அந்தப் பொண்ணு எதுவும் தப்பு பண்ணி இது வரலைன்னு முதல்ல சொல்லுங்க' என்றார். சொல்லிவிட்டேன். அவர் வாயால் வந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். இந்த வரியில் மட்டும் என் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

மாத்திரை விஷயத்தையும் கேட்டேன். கருத்தடை மாத்திரையேதான், ஆனால் இங்கே அதற்கு வேலை வேறு. மாதக்கணக்காக விலக்காகாமல் இருந்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அப்படி விடுவது நல்லதில்லை. மாத்திரை அதை நேரத்துக்கு உதிர வைக்கிறது. முடியையும் பருவையும் கூட அடக்குகிறது. எல்லாருடைய உடம்புக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றிக் கொடுக்க வேறு மருந்து இருக்கிறது. எடுப்பதும் நிறுத்துவதும் டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும். அறைத்தோழி சிரித்தாள் என்பதற்காக அல்ல. இந்தக் கடைசி வாக்கியம் டாக்டருடையது இல்லை, என்னுடையது.

கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. 'குழந்தை பிறக்காதுன்னு யாரு சொன்னது? நிறைய பேருக்குத் தானாவே நிக்குது. சிலருக்கு முட்டை வெளிய வர்றதுக்கு மருந்து கொடுக்கணும். கொஞ்சம் பேருக்கு இன்னும் மெனக்கெடணும். கண்டிப்பா பிறக்கும்னு நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன், இந்தச் சிக்கல் இல்லாதவங்களுக்கும் தர மாட்டேன்' என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. இனி அவர் ஏறும்போது லிஃப்ட் ஒரு குலுக்கல் குலுக்கினாலும் அதைக் கழற்றி ஆற்றில் போட்டுவிடுவேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தை கதவிலேயே நிற்கிறாள். 'பொம்பளைங்க ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டீங்களாமே, எத்தனாவது மாசம்?' என்றாள். செய்தி எனக்கு முன்னால் பஸ் பிடித்து வந்துவிட்டது. லிஃப்ட் விஷயமாகப் போனேன் என்றேன். 'சட்டையில கிரீஸே இல்ல' என்றாள். நான் மௌனமானேன். என் மௌனத்தை அவள் இதற்கு முன்பு கேட்டதே கிடையாது. அதில் பயந்து உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவளே, 'குட்டிக்குத்தானே?' என்றாள்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை, அவள்தான் எனக்குச் சொன்னாள். தபால் நிலையத்தில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளிடம் ரகசியம் நிற்குமா? உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே, தினமும் போனில் வம்பளப்பவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசித்திருக்கிறாள். போன தடவை நீ வந்திருந்தபோது, அந்த வெயிலிலும் கழுத்துவரை மூடிய சட்டையையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறாள். 'எனக்கும் அதே கழுத்துதானே' என்றாள்.

கேட்டாயா? எனக்கு இத்தனை வருடமாக அது அவள் கழுத்து, அவ்வளவுதான். கண்ணாடிக்கு முன்னால் நின்று தாடையில் எதையோ பிடுங்குவாள். அது எல்லாப் பெண்களும் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். வருடத்தில் நாலைந்து மாதம்தான் அவளுக்கு விலக்காகும். நாங்களும் அந்தக் காலத்தில் பிள்ளைக்காக ஏறாத படியில்லை. ஒருவர் உடம்புச் சூடு என்றார், ஒருவர் மனக்கவலை என்றார், ஒருவர் காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். 'அப்ப இதுக்குப் பேரே கிடையாது. இவளுக்கு உடம்பு சரியில்ல, அதுதான் பேரு' என்றாள். மருந்துச்சீட்டின் முதுகில் டாக்டர் போட்ட படத்தைக் காட்டினேன். முத்துமாலையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எண்ணுகிறாளோ என்று நினைத்தேன். எண்ணவில்லை. 'இவ்வளவுதானா!' என்றாள்.

அவளே கண்டுபிடித்துவிட்ட பிறகு உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இதற்கு நீ என்னைத் திட்டலாம், பொறுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். எந்த வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊர்க் கடிதங்களைக் கையாண்டே வாழ்ந்தவள் அவள். 'நடுவுல ஒரு வரியை முழுங்கிட்டீங்க' என்றாள். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'அப்ப கண்ணைக் காட்டுங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போனாள். அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். நானும் அப்படியே குடித்தேன்.

கண்ணைக் காட்டப் போனேன். வேறு எங்கே, உன் கண்ணாடிக் கடைக்காரரிடம்தான். உன் கட்டளையை நிறைவேற்ற இதைவிட நல்ல சாக்குக் கிடைக்குமா? பொய் தயாராக இருந்தது. உனக்குத் தென் துருவத்தில் வேலை கிடைத்துவிட்டது; அங்கே மங்கிப்போன பனிமலைகளுக்கெல்லாம் வெள்ளை அடிக்கும் ஒப்பந்தம் உங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது; சரியான வெள்ளையைத் தேர்ந்தெடுக்க உன்னை விட்டால் ஆளில்லை; திரும்பி வர முப்பது வருடம் ஆகும். என் வாழ்நாளின் தலைசிறந்த படைப்பு இது.

மாப்பிள்ளைப் பையன் என்னை உட்கார வைத்து, தாடையை மெஷினில் வைக்கச் சொன்னார். நெற்றியை ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன பொய் சொல்ல முடியும்? ஒரு பக்கம் வெளிச்சம் கண்ணுக்குள் போய் மூளையின் பின்சுவரைத் தடவுகிறது. மறுபக்கம் இரண்டு விரல்கடை தூரத்தில் அவர் கண் என் கண்ணைப் பார்க்கிறது. துருவக் கதையைத் தொடங்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மெதுவாக, 'மாமா, அவ என் போனை எடுக்கறதே இல்ல. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?' என்றார்.

ஆய்வறையில் வேலை அதிகம் என்றேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? விளக்கை அணைத்தார். ஏற்கனவே துடைத்து வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மறுபடியும் துடைத்தார். 'எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. வேண்டாம்னாக்கூட அவளே சொல்லட்டும், தாங்கிக்கறேன். ஒண்ணுமே தெரியாம இருக்கறதுதான் முடியல' என்றார். நான் எதையும் சொல்லவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். கல்யாணத்தை நிறுத்தப் போனவன், கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

குட்டி, நீ கொடுத்த வேலையைத் திருப்பித் தருகிறேன். பொய் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் கிடையாது. அது உனக்கே தெரியும். ஆனால் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டுமானால் அதற்கான காரணத்தை நானாவது நம்ப வேண்டும். நீ எழுதியிருக்கும் காரணத்தை எவ்வளவு முயன்றாலும் என்னால் நம்ப முடியவில்லை. உன் அத்தை எதிரில் உட்கார்ந்து பழைய தபால்தலைகளைப் பிரித்துக்கொண்டு, 'இன்னும் எவ்வளவு நேரம் எழுதுவீங்க, கை வலிக்கலையா?' என்று என்னை அதட்டிக்கொண்டிருக்கும்போது சத்தியமாக முடியவில்லை.

அந்தப் பையனிடம் நீயே சொல். டாக்டர் சொன்னதைச் சொல், பயத்தையும் சொல், பிள்ளை பிறக்கலாம் பிறக்காமலும் போகலாம் என்பதையும் சொல். கேட்டுவிட்டு அவர் ஓடுகிறாரா நிற்கிறாரா என்பது அவர் பாடு. அவருக்குப் பதிலாக நீயே முடிவெடுத்து அவரை விரட்டிவிடாதே. ஓடினால் சொல், உலகத்தில் உள்ள அத்தனை லிஃப்ட்டிலும் அவரைப் பாதி வழியில் நிறுத்துகிறேன். கேட்ட பிறகும் உனக்கே இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தோன்றினால், காரணமே கேட்காமல் அந்தத் துருவக் கதையை ஊர் முழுக்கப் பரப்புகிறேன். உன் அம்மாவிடம் நீயாகச் சொல்லும்வரை என் வாய் திறக்காது. வயிறு உப்பி வெடித்தாலும் திறக்காது.

இன்னொன்று. உன் அத்தை லீவு போட்டுவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை ரயிலில் உன்னிடம் வருகிறாள். மறுபடி டாக்டரிடம் போகும்போது உன்னோடு வருவாள். இந்தச் சிக்கல் உள்ளவர்கள் வயதானால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறாளாம். அவளிடம் எதையும் மறைக்காதே, எதற்கும் மன்னிப்பும் கேட்காதே. கழுத்து திறந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா, அவளுக்கு அதுவே போதும்.

மாத்திரையோடும், மருத்துவரோடும், உன் முகத்தோடும் நீ சமாதானமாகி, நூறு வயதுவரை எல்லாரையும் அதட்டிக்கொண்டு வாழ வேண்டும் என்பது என் ஆசி. பதிலுக்கு ஒரு விண்ணப்பம்: உன் அத்தையை ஒரு வாரத்துக்கு மேல் அங்கே வைத்துக்கொள்ளாதே. அவள் தபால் நிலையத்திலிருந்து கால் மணி நேரம் தாமதமாக வந்தாலே நான் தெருமுனையில் போய் நிற்கிறவன். எப்படியாவது திருப்பி அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு மாமன்